சந்தாதாரர்களின் வாசிப்பறை: நீலகிரி நூலகமும் அதைச் சுற்றியுள்ள ஊரும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அதற்கென ஒரு நூலகம் உருவாக 1907 வரை ஐம்பது ஆண்டுகள் ஆயின. உருவான நூலகமும் முதலில் கன்னிமாரா நூலகத்தில் ஒண்டுக் குடித்தனம் இருந்து, 1928இல் செனட் மாளிகைக்கு மாறி, கடைசியாக 1936இல்தான் சேப்பாக்கத்தில் தன் சொந்தக் கட்டடத்துக்குக் குடியேறியது. ஆனால் அந்தச் செனட் மாளிகைக்கு வரைபடம் போட்ட ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம், அம்மாளிகையின் பணி தொடங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1867க்கும் 1869க்கும் இடையில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்திலிருந்த ஒரு சின்ன மலையூருக்கு முழுமையான நூலகக் கட்டடம் ஒன்றை வடிவமைத்துக் கட்டி முடித்திருந்தார். உதகமண்டலத்தின் நீலகிரி நூலகம் அது. மாகாணத்தின் பல்கலைக்கழகத்துக்கே கிட்டாத வசதி, சில ஆயிரம் பேர் மட்டுமே வாழ்ந்த ஒரு மலையூருக்கு அத்தனை முன்னதாக எப்படிக் கிட்டியது என்பதைப் புரிந்துகொண்டால், அந்தக் கட்டடம் இன்றைக்கு யாருக்கு உரியது என்ற கேள்வியும் பாதி தெளிந்துவிடும்.

வாசகர்கள் யார், அவர்களிடம் என்ன இருந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தொடக்க காலச் சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தன்னோடு இணைந்த கல்லூரிகளின் மாணவர்களுக்குத் தேர்வு வைத்துப் பட்டம் வழங்கும் அமைப்பாகவே இருந்தது. தேர்வு வைக்க வினாத்தாள் வேண்டும், பட்டம் வழங்க மண்டபம் வேண்டும். நூலகம் இல்லாமல் இவ்விரண்டையும் செய்துவிடலாம். உதகையில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை; பொழுது மட்டும் ஏராளமாக இருந்தது. ஓய்வு பெற்ற படை அதிகாரிகள், காய்ச்சலில் நொந்து உடம்பு தேறுவதற்காக மலையேறிய ஆட்சிப் பணியாளர்கள், காப்பியிலும் தேயிலையிலும் காய்ச்சல் மருந்து தரும் சின்கோனா மரத்திலும் பணம் போட்டவர்கள், அவர்களுடைய குடும்பத்தார் ஆகியோர் தென்மேற்குப் பருவமழையில் நாள் கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது படிப்பதற்கு ஏதாவது தேவைப்பட்டது. அதற்குப் பணம் கட்டவும் அவர்களால் முடிந்தது.

அந்த ஊரே அப்போது புத்தம் புதியது. கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் 1819இல் மலையேறிக் கோத்தகிரிப் பக்கம் தங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் உதகையில் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டினத்து அரண்மனையைப் பிரித்தெடுத்த உத்தரங்களை மலைமேல் கொண்டுவந்து புனித ஸ்டீபன் ஆலயத்துக்குக் கூரை போட்டார்கள். ஆலயம் 1831இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. தாவரவியல் பூங்காவின் வேலை 1848இல் தொடங்கியது. நூலகம் ஓர் அமைப்பாக உருவான ஆண்டு 1859. நீலகிரி தனி மாவட்டமாகக் கோவையிலிருந்து பிரிந்தது 1868இல். ஏறத்தாழ அதே காலத்தில் சென்னை மாகாண அரசு கோடைதோறும் கோப்புகளோடும் குமாஸ்தாக்களோடும் மலையேறுவது வாடிக்கையாயிற்று. ஆக, நூலகக் கட்டடத்தின் செங்கல் வேலை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில்தான் உதகை ஓய்விடம் என்ற நிலையிலிருந்து ஆட்சித் தலம் என்ற நிலைக்கு உயர்ந்துகொண்டிருந்தது. மாகாண அரசின் கட்டடக் கலைஞராகப் பிரசிடென்சி கல்லூரி வேலையைக் கையில் வைத்திருந்த சிஷோம் ஒரு மலையூர் நூலகத்துக்கும் வரைபடம் போட்டுக் கொடுத்ததற்கு இதுவே பின்னணி. பக்கத்து லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளிக் கட்டடமும் அவர் கைவண்ணமே.

இங்கே உருவானது இன்று நாம் பொது நூலகம் என்ற பெயரில் அறிந்திருக்கும் அமைப்பு அன்று. அது சந்தா நூலகம். அரசுப் பணத்தையோ வரிப் பணத்தையோ அது நம்பியிருக்கவில்லை. உறுப்பினராகச் சேருபவர் சந்தா கட்டுவார். சேர்ந்த சந்தாவிலிருந்து நூல்களும் பருவ இதழ்களும் வாங்கப்படும். எதை வாங்குவது என்பதை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்த குழு முடிவு செய்யும். நூல் இரவல் பெறும் உரிமை உறுப்பினருக்கு மட்டுமே. இம்முறையில் நூல் தேர்வு முழுக்க முழுக்கச் சந்தாதாரரின் ரசனையைப் பின்தொடரும். விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நாவல்கள், பயண நூல்கள், வேட்டைக் குறிப்புகள், வாழ்க்கை வரலாறுகள், லண்டன் வார இதழ்களின் கட்டுத் தொகுதிகள் ஆகியவை நீலகிரி நூலகத்தில் மிகுந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஒரு சமூகம் எதைப் படிக்க ஆசைப்பட்டது என்பதற்கு அச்சமூகம் தானே விட்டுச்சென்ற சான்று என்று அந்த அலமாரிகளைச் சொல்லலாம்.

தற்செயலாக அமைந்த ஒரு பொருத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். நூலகக் கட்டடம் முடிந்த 1869இல்தான் சூயஸ் கால்வாயும் திறக்கப்பட்டது. அதற்கு முன் பாரமான சரக்கெல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றி மாதக் கணக்கில் வந்துகொண்டிருந்தது. அவசரத் தபால் மட்டும் எகிப்து வழியாகத் தரைமார்க்கம் மாறி வந்தது. கால்வாய் திறந்த பிறகு லண்டனில் வெளியான நூல் சில வாரங்களில் இந்தியக் கரையைத் தொட்டது. ஆனால் கடைசிச் சில மைல்கள் மாறவில்லை. குன்னூருக்கு மலை ரயில் வந்தது 1899இல், உதகைக்கு வந்தது 1908இல். அதுவரையில் புத்தகப் பெட்டிகள் மேட்டுப்பாளையத்திலிருந்து மாட்டு வண்டியிலும் சுமைகாரர்களின் தலையிலுமாகத்தான் கல்லாறு தாண்டி மலையேறின. அந்த நூல்களை மலைக்குக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் அவற்றில் ஒரு வரியையும் படித்திருக்க வழியில்லை.

கட்டடத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். புனித ஸ்டீபன் ஆலயத்திலிருந்து நடந்து போகும் தொலைவில், நீதிமன்றமும் அரசு அலுவலகங்களும் உள்ள மேட்டுப் பகுதியில் அது நிற்கிறது. கீழே கமர்ஷியல் சாலையின் வர்க்கிக் கடைகளுக்கும் சாக்லேட் கடைகளுக்கும் வரும் கூட்டம் பெரும்பாலும் இந்த மேட்டை ஏறிப் பார்ப்பதில்லை. சிவப்புச் செங்கல் சுவர், செங்குத்தாகச் சரியும் கூரை, கூர்வளைவுச் சாளரங்கள் என்று முற்றிலும் கோதிக் பாணி. பின்னாளில் சென்னையின் செனட் மாளிகையிலும் திருவனந்தபுரத்தின் நேப்பியர் அருங்காட்சியகத்திலும் இந்திய வடிவங்களைத் தேடித் தேடிக் கலந்த அதே சிஷோமின் கை இங்கே அத்தகைய பரிசோதனை எதிலும் இறங்கவில்லை. கட்டச் சொன்னவர்கள் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றை நினைவூட்டும் கட்டடத்தை விரும்பினார்கள். அவரும் அதையே கொடுத்தார். மாடியில் விக்டோரியா அரசியின் உருவப்படம் இருக்கிறது. 1887இல் அவர் அரியணை ஏறிய பொன்விழாவை ஒட்டி உதகைக்கு வந்தது.

அழகுக்காகப் போற்றப்படும் இந்தப் பாணி, உதகையின் வானிலையில் நடைமுறை நியாயமும் உடையது. சமவெளிக் கட்டடம் வெயிலை வெளியே நிறுத்தப் பார்க்கும். உதகைக் கட்டடம் கிடைக்கிற வெளிச்சத்தை உள்ளே இழுக்க வேண்டும். சூன் மாதம் தொடங்கிச் செப்டம்பர் வரை மூடுபனியும் சாரலுமாக, பிற்பகல் மூன்று மணிக்கே விளக்கு தேவைப்படும் நாட்கள் பல. மின்விளக்கு இல்லாத காலத்தில், நெருப்புக்கு அஞ்சி எண்ணெய் விளக்கைப் புத்தகத்துக்கு அருகே வைக்கத் தயங்கிய காலத்தில், வாசிப்பறையின் உயரமான பெருஞ்சாளரம் அலங்காரம் என்பதைவிட வேலைக்கான கருவி என்றே சொல்ல வேண்டும். சரிவான கூரையில் மழை நிற்காது. உயர்ந்த உட்கூரை காற்றோட்டத்துக்கு இடம் கொடுத்து, உள்ளே ஓரளவு உலர்ச்சியைத் தக்கவைக்கும்.

ஓரளவுதான். மலைப்பகுதி நூலகர்களின் தலையாய எதிரி ஈரம். காற்றில் ஈரப்பதம் வாரக்கணக்கில் இறங்காமல் நின்றால் புத்தக அட்டையின் பசையில் பூஞ்சை பிடிக்கும். முதலில் வெள்ளைப் படலமாகத் தெரியும், துடைத்தால் போகும். விட்டுவைத்தால் தாளுக்குள் இறங்கிப் பழுப்புப் புள்ளிகளாகும், அப்புறம் எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது. இராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பசையும் ஒருங்கே கிடைக்கும் இடம் விருந்து வீடு. தோல் கட்டுமானம் கொண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்களுக்கு வேறொரு நோய் உண்டு. தோலைப் பதப்படுத்திய முறையும் காற்றிலுள்ள அமிலமும் சேர்ந்து தோலைப் பொடியாக்கும். நூலை அலமாரியிலிருந்து உருவினால் உள்ளங்கையில் செம்மண் போன்ற தூள் ஒட்டும், முதுகுப் பட்டை தனியே கழன்று கையோடு வரும். தாளிலும் வேறுபாடு தெரியும். கந்தல் துணியிலிருந்து செய்த பழைய தாள் இன்றும் வளைந்து கொடுக்கும்; அதற்கு ஐம்பது ஆண்டு பிந்திய மரக்கூழ்த் தாள் ஓரத்தில் விரல் பட்டாலே அப்பளமாக நொறுங்கும். ஒரு நூலகத்தில் மூத்த நூல்தான் முதலில் சாகும் என்று எண்ணக் கூடாது. நடுவயது நூலைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும். வேப்பிலையும் அந்துருண்டையும் பூச்சியை ஓரளவு தடுக்குமே தவிர ஈரத்தை ஒன்றும் செய்யா. நல்ல கூரை, அடைபடாத தூம்பு, நாள்தோறும் திறந்து மூடப்படும் சாளரம், அடிக்கடி எடுத்துப் புரட்டும் கை ஆகியவைதான் மருந்து. இவை எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். சந்தா கட்டிய உறுப்பினர்கள் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொடுத்து வந்திருப்பது சாராம்சத்தில் இந்தச் சம்பளத்தைத்தான். 40,000 நூல்கள் வரை உள்ளதாகச் சொல்லப்படும் இத்திரட்டு இன்னும் கலைந்து போகாமல் இருப்பதற்கு அவர்களுக்கே நன்றி சொல்ல வேண்டும்; இதைச் சொல்லாமல் அவர்களைக் குறை சொல்லப் புகுவது நேர்மையாகாது.

ஆனால் குறையும் உண்டு. மலை மக்களை உள்ளே விடாதிருக்கத் தனி விதி எதுவும் தேவைப்படவில்லை. சந்தாத் தொகையும் ஆங்கிலமுமே அந்த வேலையைச் செய்துவிட்டன. அதே வேளையில், உள்ளே இருந்த நூல்களில் மிகச் சிறப்பான ஒரு பகுதி வெளியே நிறுத்தப்பட்ட அம்மக்களைப் பற்றியதே. தோடர், கோத்தர், படகர், இருளர், குறும்பர், பணியர், காட்டு நாயக்கர் என்று இம்மலையில் வாழ்ந்த மக்களின் மொழிகளுக்கு எழுத்து வழக்கு இருக்கவில்லை. அவர்களுடைய வரலாறு பாட்டாகவும் சடங்காகவும் இடப்பெயராகவும் வாய்மொழியில் வாழ்ந்தது. அதைத் தாளில் ஏற்றியவர்கள் வெளியார். நீலகிரியின் முதல் ஆணையரான ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ் பழங்குடிகளையும் மலையிலுள்ள கல் சின்னங்களையும் பற்றி எழுதிய நூல், அவர் இறந்த மறு ஆண்டான 1873இல் வெளிவந்தது. 1901-02இல் தோடர்களிடையே ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் அவர்களுடைய குடிவழிப் பட்டியல்களோடு 1906இல் நூல் வெளியிட்டார். 1930களில் வந்த மொழியியலாளர் முர்ரே எமனோ, தோடரின் பாடல்களையும் கோத்தரின் கதைகளையும் அவர்கள் சொன்னபடியே எழுதிக்கொண்டார். பெயர் பெற்ற இந்த மூவரைத் தவிர, மாவட்ட விவரச் சுவடிகள், வன அறிக்கைகள், உள்ளூர்ச் செய்தித்தாள்கள், பாதிரிமாரின் குறிப்புகள் என்று நீலகிரியைப் பற்றிய எழுத்து ஒரு சின்ன மலை மாவட்டத்துக்கு அளவுக்கு மீறிய அளவில் குவிந்து கிடக்கிறது. இந்தியாவில் இத்தனை சிறிய நிலப்பரப்பைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்ட இடம் வேறொன்றைக் காட்டுவது கடினம்.

இவை வெறும் பழம்பெருமை அல்ல, இன்றைய ஊர் வழக்குகளில் நேரடியாகப் புழங்குபவை. பழங்குடிப் பட்டியலில் தங்களைச் சேர்க்க வேண்டும் என்று படகர்கள் நெடுங்காலமாகக் கோரி வருகிறார்கள். அந்தக் கோரிக்கையில் ஆங்கிலேயர் கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கைகள் சான்றாக எடுத்துக் காட்டப்படுகின்றன. புல்வெளியையும் சோலையையும் மீட்க முனைவோருக்கு, எந்தச் சரிவில் சீகை (வாட்டில்) மரம் எப்போது நடப்பட்டது, கற்பூர மரம் (யூகலிப்டஸ்) எப்போது வந்தது, அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்பதைச் சொல்லும் பழைய வன அறிக்கைகள் தேவைப்படுகின்றன. நீரோடை ஒன்று முன்பு எவ்வழியாக ஓடியது, கோவில் நிலத்தின் எல்லை எது, தோடர் குடியிருப்பான மந்து ஒன்று எங்கே இருந்தது என்பன போன்ற கேள்விகளும் அவ்வாறே. எழுதியவர்களின் பார்வையில் குறைபாடு இருந்தது உண்மை. அவர்கள் தாங்கள் கண்டவர்களை ஆய்வுப் பொருளாகத்தான் கண்டார்கள். அக்குறைபாட்டைச் சுட்டிக்காட்டித் திருத்தி எழுதும் தகுதி யாரிடம் இருக்கிறதோ அவர்கள் கையில் அந்த நூல்கள் சேர வேண்டும் என்பதற்கு அதுவே ஒரு காரணம்.

நூலகம் யாருக்காக என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் தெளிவான பதில் ஒன்று உருவானது மலையில் அல்ல, கீழே சமவெளியில். சீர்காழியில் பிறந்து, கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன், பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகர் தாமே நூலை எடுத்துப் பார்க்கும் முறையைப் பல்கலைக்கழக நூலகத்தில் நிறுவினார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்தவே என்பது; அடுத்த இரண்டும் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பன. அதே ஆண்டில் மன்னார்குடிப் பக்கத்தில் மாட்டு வண்டியில் நடமாடும் நூலகம் புறப்பட்டது. இவ்வியக்கத்தின் விளைவாக 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது; சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியைக் கொண்டு நூலகங்களை நடத்தும் ஏற்பாட்டை அது செய்தது. இன்று ஒரு ரூபாய் சொத்து வரிக்கு 10 பைசா நூலக வரி. வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், தெரிந்தோ தெரியாமலோ, ஒரு நூலகத்தின் சந்தாதாரர் ஆகிவிட்டார் என்பதுதான் இதன் பொருள்.

நீலகிரியில் இந்தச் சட்டத்தின் பிள்ளைகளாக மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் வந்தன. பார்வைக்கு இவற்றில் எதுவுமே சிறப்பானதல்ல. நாற்காலி ஆடும், குழல்விளக்கு சிமிட்டும். ஆனால் காலை நாளிதழுக்காகக் கம்பளிக் குல்லாவோடு வரும் முதியவரும், டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் இளைஞரும், கன்னத்தில் கைவைத்து வார இதழ் தொடர்கதை படிக்கும் பெண்ணும் போய் உட்காருவது இங்கேதான். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிக் கூடலூர், கோத்தகிரி, குந்தா பகுதிகளில் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் தோட்டத்து வரிசைக் குடியிருப்பான லயன் வீட்டிலிருந்து கிளம்பிப் புத்தகம் தேடிப் போனால், போய்ச் சேரக்கூடிய இடமும் இதுவே. மலைச் சமூகத்தின் அன்றாட வாசிப்பை நூலக வரி தாங்குகிறது. மலையைப் பற்றிய அரிய ஏடுகளைச் சந்தா தாங்குகிறது. ஒரே ஊரில் சில நிமிட நடையில் இருக்கும் இந்த இரண்டு அமைப்புகளும் ஒன்றுக்கொன்று அறிமுகமற்றவை போலவே இயங்குவது வியப்புக்குரியது.

உதகையின் கல்லூரி மாணவர் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். சலிவனின் கல் பங்களா இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. உதகையின் முதல் ஐரோப்பியக் கட்டடம், 1955 முதல் தோட்டத் தொழிலாளர், சிறு தேயிலை விவசாயி, பழங்குடியினர் ஆகியோரின் பிள்ளைகள் பட்டம் படிக்கும் இடமாக மாறியது இம்மலையின் வரலாற்றில் நடந்த நல்ல மாற்றங்களில் ஒன்று என்பேன். பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்த அக்கல்லூரியின் மாணவர் பாடநூலுக்குக் கல்லூரி நூலகத்தை நம்புகிறார். போட்டித் தேர்வுக்கு மாவட்ட மைய நூலகத்தை நம்புகிறார். தன் ஊரின் வரலாற்றை ஆய்வு செய்ய முற்பட்டால், பிரீக்ஸையும் ரிவர்ஸையும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஸ்கேன் செய்து கொடுத்த மின்படிகளில் கைப்பேசித் திரையில் படிக்கிறார். அச்சுப் படி அவர் ஏறி வரும் பேருந்துத் தடத்திலேயே இருக்கக்கூடும். அது இருப்பதை அவருக்குச் சொல்ல ஆளில்லை.

விடுதலைக்குப் பிறகு நீலகிரி நூலகத்தின் உறுப்பினர் பட்டியல் மாறியது. வெள்ளையர் போனார்கள், தோட்ட முதலாளிகள், குன்னூர் அருகேயுள்ள வெலிங்டன் படைமுகாமோடு தொடர்புடைய அதிகாரிகள், ஓய்வு பெற்று மலையில் தங்கியோர், உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்கள் வந்தார்கள். ஆளும் நிறமும் மாறினாலும் சந்தா என்ற வேலி மாறவில்லை. இந்தியாவில் இப்படித் தப்பிய சந்தா நூலகங்கள் மிகக் குறைவு. பெரும்பாலானவை உறுப்பினர் குறைந்து, கூரை ஒழுகி, நூல்கள் எடைக்குப் போய்ச் சேர்ந்தன. 1812இல் தொடங்கிய சென்னை இலக்கியச் சங்கத்தின் நூலகம் உயிர்த்திருப்பதற்குத் தன்னார்வலர்களின் உழைப்பும், பழைய நூல் ஒன்றைத் தத்தெடுத்துச் செப்பனிடும் செலவை ஒருவர் ஏற்கும் திட்டமும் பெரிதும் உதவின. உதகையிலும் கடந்த பத்தாண்டில் ஒரு மாற்றம் தெரிகிறது. நீலகிரி நூலகத்தில் நடக்கும் உதகை இலக்கிய விழா, உறுப்பினர் அல்லாதோரையும் அந்தக் கூர்வளைவுச் சாளரத்தின் கீழ் உட்கார வைத்திருக்கிறது; பள்ளி மாணவர்கள் வந்து போகிறார்கள்; நீலகிரியின் சூழலும் பழங்குடியினரும் உரையாடலின் பொருளாகிறார்கள். விழா நல்லதே. ஆனாலும் இரண்டு நாள் விழாவும் ஆண்டு முழுவதுமான வாசிப்பும் வெவ்வேறு. விழாவுக்கு வருபவர் மேடையைப் பார்க்கிறார், அலமாரியை அல்ல. மேடையில் பேசப்படும் மொழி பெரும்பாலும் ஆங்கிலமாக இருக்கும் வரையில், கீழே கமர்ஷியல் சாலையில் கடை வைத்திருப்பவருக்கு அது வேறு யாரோ நடத்தும் விழாவே.

நூலகத்தைப் பொதுவுடைமை ஆக்கிவிடலாம் என்று சிலர் எளிதாகச் சொல்வார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. மேலே சொன்ன பூஞ்சையையும் பொடியும் தோலையும் நினைத்துப் பார்த்தால், 1873ஆம் ஆண்டு நூலை நாளொன்றுக்கு நூறு பேர் புரட்டும் நிலை அந்நூலுக்கு நல்லதல்ல. அதைப் பராமரிக்கும் செலவையும், வாடகைக் கட்டடங்களுக்கே திணறும் நூலக வரி ஏற்றுக்கொள்ளாது. வேலி இருக்கட்டும். வேலிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பது வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் என் வாதம். அதற்குக் கட்டடத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

இதற்கு முன்மாதிரிகள் நம்மிடமே உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தனியொருவராகச் சேர்த்த நூல்களும் இதழ்களும் அழைப்பிதழ்களும் துண்டறிக்கைகளும், அவர் மறைவுக்குப் பின் 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் உதவியோடு சென்னையில் ஆய்வு நூலகமாயின. பட்டியலிடப்பட்டு, நுண்படச் சுருள்களிலும் மின்படிகளிலும் பதிவாகி, மூலப் படி பாதுகாப்பில் இருக்க, நகல் ஆய்வாளர் கையில் புழங்குகிறது. மற்றொன்று இன்னொரு மலையில் இருக்கிறது. பழனி மலைத் தொடரின் கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வகமும் ஆங்கிலேயர் தமக்காக அமைத்துக்கொண்டதே. ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியக் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கி நகர்வதைக் கண்டறிந்தது அங்கேதான். அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் நாள்தோறும் எடுத்த சூரியப் படங்களின் கண்ணாடித் தட்டுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் மின்படியாக்கி ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. தட்டுகள் மலையிலேயே இருக்கின்றன. படங்களை உலகின் எந்த மூலையிலிருந்தும் பார்க்கலாம். சூரியனைப் பற்றிய பழைய பதிவுகளுக்குச் செய்ய முடிந்ததைத் தோடர் மந்துகளைப் பற்றிய பதிவுகளுக்கும் செய்ய முடியும்.

எங்கே தொடங்குவது என்பதில் நூலகப் பணியாளர்கள் பொதுவாக ஒத்துப்போகும் வரிசை ஒன்று உண்டு. முதலில் பட்டியல். நூல் பதிவேட்டில் உள்ளவற்றில் நீலகிரி தொடர்பானவற்றை மட்டும் பிரித்தெடுத்து, ஆசிரியர், ஆண்டு, பொருள் ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு செய்வது சில மாத வேலை. அரசு கலைக் கல்லூரியின் வரலாற்றுத் துறை மாணவர்களை வைத்துக்கொண்டே செய்துவிடலாம். அடுத்து, வேறெங்கும் மின்படியாகக் கிடைப்பவற்றை ஒதுக்கிவிட வேண்டும். புகழ்பெற்ற நூல்கள் பெரும்பாலும் இதில் கழிந்துவிடும். மிஞ்சுபவை உள்ளூர் அச்சகங்களில் அடித்த சிற்றேடுகள், செய்தித்தாள் தொகுதிகள், தோட்டச் சங்க அறிக்கைகள், நூலகத்தின் சொந்த நிர்வாகக் குறிப்புகள் போன்றவை. அரிய பொருள் இருப்பது இங்கேதான். மரக்கூழ்த் தாளில் அச்சானவை என்பதால் முதலில் அழியப் போவதும் இவையே. தமிழ் இணையக் கல்விக்கழகம் அரசு சார்பில் ஏற்கெனவே நூல்களை மின்படியாக்கி வருகிறது. முத்தோரை பாலாடாவிலுள்ள பழங்குடியினர் ஆய்வு மையத்திலும் இத்துறை அறிந்தோர் உண்டு. பட்டியலின் ஒரு படி மாவட்ட மைய நூலகத்தின் குறிப்புதவிப் பிரிவு மேசையில் இருந்தால், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்க வந்த கோத்தகிரிப் பெண் தன் ஹட்டியின் (படகர் ஊரின்) பெயரை அதில் பார்த்துவிட்டு, இதைப் படிக்க எங்கே போக வேண்டும் என்று நூலகரைக் கேட்பார். அவருக்கு ஒரு நாள் வாசிப்பு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும் ஏற்பாட்டை இரண்டு நூலகங்களும் பேசி முடிவு செய்துகொள்ளலாம்.